வியர்க்காத பனிக்கட்டி

நவம்பர் 8, புதன்

இன்று ஊசி நாள். ஆபீஸ் டைரியில் எழுதியது இவ்வளவுதான்: "மேல்பாறைக்கொல்லை. குழந்தைகள் ஏழு. திரும்பக் கொண்டுவந்த குப்பிகள் மூன்று." மேலதிகாரி கையெழுத்துப் போடும் டைரிக்கு அது போதும். மிச்சத்தை எழுதத்தான் இந்த நோட்டு.

காலை ஏழேகாலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டீப் ஃப்ரீசரைத் திறந்தேன். நான்கு ஐஸ் பேக்குகளை எடுத்து, தடுப்பூசிப் பெட்டியின் நான்கு பக்கமும் செருகி, நடுவில் மருந்துக் குப்பிகளை வைத்து மூடினேன். ஏழரைக்குக் கிளம்பியாயிற்று. சாலை முடிகிற இடம்வரை ஸ்கூட்டி. அதற்குமேல் ஐந்து கிலோமீட்டர் ஏற்றம், நடைதான். பெட்டியின் பட்டை தோளை அறுத்தது. அங்கன்வாடி மங்கை பாதி வழி இறங்கி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

மதியம் ஒரு மணிக்குத் திறந்தபோதும் ஐஸ் கல் மாதிரி இருந்தது. மேலே வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. பக்கத்துத் துணை மையத்து நர்ஸ் விஜயாவின் பெட்டியில் பத்து மணிக்கே தண்ணீர் சலசலக்கும். என் பெட்டியில் அப்படி நடந்ததில்லை.

அலமேலுவின் மகனுக்கு முதல் ஊசி. பிறந்து ஆறு வாரம் முடிந்துவிட்டது. குப்பி ரொம்பவும் சில்லென்று இருந்ததால் உள்ளங்கையில் உருட்டிவிட்டுப் போட்டேன். அவனுடைய அக்கா ரோஷினிக்கு இரண்டரை வயது. ஐஸ் பேக்கின் மேல் பூத்திருந்த பனியில் விரலால் கோடு போட்டாள். பிறகு கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, "சில்லுனு கீது" என்று சிரித்தாள். அவள் அட்டையை வாங்கிப் பார்த்தேன். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது, எல்லாம் என் கையெழுத்து. நான் பொறுப்பெடுத்த மூன்று வருடத்தில் இந்த ஊரில் ஒரு குழந்தைக்கும் ஒரு ஊசியும் விட்டுப்போகவில்லை.

"அப்பா தீபாவளிக்கு வராரு," என்றாள் ரோஷினி. பெருமாள் கர்நாடகாவில் இஞ்சித் தோட்ட வேலையில் இருக்கிறான்.

நவம்பர் 10, வெள்ளி

மழை. மூன்று நாளாகச் சீருடைப் புடவை கொடியிலேயே தொங்குகிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் துணியிலிருக்கும் ஈரம் எங்கே போகும்? இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். குப்பென்று ஆவி வந்து மணிக்கட்டில் அடித்தது. சின்னக் காயம்தான்.

நவம்பர் 13, திங்கள்

நேற்று தீபாவளி. எங்கள் வீட்டுக்காரர் தயாளனுக்கு லைன்மேன் வேலை. பண்டிகை நாளிலும் கம்பத்தில்தான் இருந்தார். தர்ஷினி பட்டாசு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். மிச்ச மாவில் இன்று சுட்ட முறுக்கு கொஞ்சம் காந்திவிட்டது.

இன்று காலை அலமேலு போன் செய்தாள். ரோஷினிக்குக் காய்ச்சலாம், தொண்டை வலிக்கிறது என்கிறாளாம். பேசினேன்.

நவம்பர் 15, புதன்

கீழ்க்கரடு கிராமத்தில் ஊசி. நான்கு பேர். அலமேலுவுக்கு இரண்டு முறை போன் போட்டேன். மேலே சிக்னல் இல்லை.

நவம்பர் 16, வியாழன்

காலை பத்து மணிக்கு ரோஷினியைக் கொண்டுவந்தார்கள். கம்பளியில் தூளி கட்டி, கழியில் மாட்டி, பெருமாளும் அவன் தம்பியும் சுமந்து இறக்கியிருந்தார்கள். அலமேலு கைக்குழந்தையோடு பின்னால் ஓடி வந்தாள்.

கழுத்து தாடையோடு ஒன்றாக வீங்கியிருந்தது. மூச்சு இழுக்கும்போது ஒரு சத்தம். டாக்டர் இளஞ்செழியன் டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருட வேலையில் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்திருக்கிறேன். தொண்டை அடைப்பான்.

"ஊசி போட்டிருக்கா?" என்றார் டாக்டர்.

அலமேலு மடியிலிருந்து அட்டையை எடுத்தாள். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள்.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாமே போட்டிருக்கே," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கதானே போட்டது?"

"ஆமா டாக்டர்."

108 வண்டியில் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினோம். வண்டியில் ஏறும்போது அலமேலு என் கையைப் பிடித்து, "ஒண்ணும் ஆகாது இல்லக்கா? எல்லா ஊசியும் போட்டுட்டோமே," என்றாள்.

நவம்பர் 17, வெள்ளி

ரோஷினி இறந்துவிட்டாள். காலை ஆறு இருபதுக்கு.

நவம்பர் 18, சனி

போகவில்லை. போயிருக்க வேண்டும். மங்கை மட்டும் போனாள்.

நவம்பர் 20, திங்கள்

மாவட்டத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மேல்பாறைக்கொல்லை முழுக்க, நோய் பரவாமல் இருக்க மாத்திரை கொடுத்தாயிற்று. பிரவீன் என்ற மூன்று வயதுப் பையனுக்கும் அதே நோய். நல்லவேளையாகச் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். விஷத்தை முறிக்கும் மருந்து ஏற்றியிருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வான் என்கிறார்கள். அவன் அட்டையும் நிரம்பித்தான் இருக்கிறது.

ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார்கள். ரெஜிஸ்டரைப் பார்த்தார்கள். குழுவின் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"கேரியர்ல வைக்கிறதுக்கு முன்னாடி ஐஸ் பேக்கை வெளிய வச்சு வியர்க்க விடுறீங்களாம்மா?"

"ஆமா சார்."

"எவ்வளவு நேரம்?"

"வியர்க்கிற வரைக்கும் சார்."

எழுதிக்கொண்டார். டாக்டர் சன்னல் பக்கம் நின்றிருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். ஆபீஸ் டைரியில் "குழு வருகை, ஆய்வு, குறை இல்லை" என்று எழுதினேன்.

நவம்பர் 21, செவ்வாய்

மாவு அரைத்தேன். பரணில் இருந்த பழைய பயிற்சிக் கையேட்டைத் தேடி எடுத்தேன். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நான் அதைத் திறந்ததே இல்லை.

போன வருடம் நடந்த பயிற்சிக்கு நான் போனேன். கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அங்கே இல்லை. அன்று தர்ஷினியின் பள்ளி ஆண்டு விழா. டான்ஸ் ஆடினாள். மேடைக்கு நேர் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். மதியப் பாடம்தான் ஐஸ் பேக் பற்றியது என்பது கையேட்டின் கால அட்டவணையைப் பார்த்து இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அதற்கு முன்பே எங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். விஜயாவுக்குத் தெரிந்திருக்கிறதே. நானும் எப்போதோ கேட்டுத்தான் இருப்பேன். பொறுப்பெடுத்த முதல் மாதம் அப்போதிருந்த டாக்டர் வழியில் என் பெட்டியைத் திறந்து பார்த்தார். பாதி ஐஸ் தண்ணீராகிக் கிடந்தது. "மலை ஏறறதுக்குள்ள எல்லாம் உருகிடுச்சுன்னா மருந்து என்னத்துக்கு ஆகும்?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அன்றிலிருந்து ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு பெட்டியில் வைத்துவிடுவேன். எவ்வளவு இறுகியிருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் நினைத்தேன்.

நவம்பர் 22, புதன்

இன்று ஐஸ் பேக்குகளை மேஜைமேல் பரப்பி வைத்து, முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

முதல் பத்து நிமிடம் வெள்ளைப் பனி இன்னும் கூடியது. காற்றிலிருந்த ஈரமெல்லாம் அதன்மேல் வந்து உறைந்தது. பிறகு அந்த வெள்ளை மங்கி, பளபளவென்று ஆகி, துளித்துளியாக நீர் கோர்த்தது. மேஜை நனைந்தது. ஒரு மணி நேரமும் ஐந்து நிமிடமும் ஆன பிறகு ஒன்றைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் அசைந்தது.

அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. ஒரு மணி ஐந்து நிமிடம்.

ஒன்பது மணிக்குப் பெட்டியோடு கிளம்பினேன். டாக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு லேட்டா?" என்றார். தலையாட்டினேன்.

நவம்பர் 23, வியாழன்

இன்று ஊசி நாள் இல்லை. ஆனாலும் பெட்டியைத் தயார் செய்தேன், நான் வழக்கமாகச் செய்கிற மாதிரியே. ஃப்ரீசரிலிருந்து நேராக நான்கு ஐஸ் பேக். நடுவில் காலாவதியான இரண்டு குப்பிகளும் ஒரு தெர்மாமீட்டரும். மூடி, மூன்று மணி நேரம் ஓரமாக வைத்தேன்.

திறந்தபோது தெர்மாமீட்டர் மைனஸ் ஐந்து காட்டியது. குப்பிக்குள் ஊசி ஊசியாக ஐஸ் நின்றது.

அது எனக்குப் புதிய காட்சி இல்லை. அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். மார்கழி, தை மாதங்களில் மேலே போய்த் திறக்கும்போது சில நாள் அப்படித்தான் இருக்கும். உள்ளங்கையில் வைத்து உருட்டிக் கரைத்துவிட்டுப் போடுவேன். குழந்தை தொடையில் சில்லென்று இறங்கக் கூடாதே என்று.

கையேட்டில் சொல்லியபடி, உறையாத குப்பி ஒன்றையும் உறைந்து கரைந்த குப்பி ஒன்றையும் சேர்த்துக் குலுக்கி மேஜைமேல் வைத்தேன். உறையாதது பால் கலந்த தண்ணீர் மாதிரி அப்படியே நின்றது. உறைந்து கரைந்ததில் துகள் துகளாகத் திரிந்து, பத்து நிமிடத்தில் அடியில் படிந்தது. மேலே தெளிந்த நீர்.

இரண்டையும் குப்பையில் போட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நவம்பர் 25, சனி

தர்ஷினிக்கு அரையாண்டுப் பரீட்சை வருகிறது. நான் அடுப்பில் இட்லி வைத்திருந்தபோது சமையலறை வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள்.

"பனிக்கட்டி உருகும்போது அதற்கு எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும், முழுவதும் உருகி முடிக்கும் வரை அதன் வெப்பநிலை மாறாது. இந்த வெப்பம் உள்ளுறை வெப்பம் எனப்படும்." பிறகு என்னிடம், "அம்மா, அப்ப அந்த வெப்பம் எங்க போவும்?" என்றாள்.

"உருகறதுக்கே செலவாயிடும்," என்றேன்.

"அப்ப உருகுற ஐஸ் எப்பவும் பூஜ்யம்தானா? அதுக்குக் கீழ போவாதா?"

"போவாது. உருக ஆரம்பிச்சதுக்கு அப்புறம் போவாது. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த உடனேதான் அது பூஜ்யத்துக்கும் ரொம்பக் கீழ இருக்கும். பக்கத்துல எதை வச்சாலும் உறைய வச்சிடும்."

"எங்க டீச்சர்கூட இவ்ளோ நல்லா சொல்லலம்மா."

உள்ளே போய்ப் படி என்றேன். ஏன் கோபப்படுகிறேன் என்று கேட்டாள். இட்லிப் பானை மூடியைத் திறந்தேன், முகமெல்லாம் ஆவி. நல்லதாகப் போயிற்று.

நவம்பர் 27, திங்கள்

நேற்று கார்த்திகை தீபம். இன்று மேல்பாறைக்கொல்லைக்குப் போனேன், பெட்டியில்லாமல். பத்து நாள் தாமதம்.

வாசலில் பெருமாள் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து பாய் போட்டான். அவன் அம்மா காசியம்மாள் அலமேலுவின் காதில் விழும்படியே சொன்னாள்:

"புள்ள ஜொரத்துல கெடக்குது. இவ மூணு நாளு வூட்லயே வச்சிக்கினு இருந்தாம்மா. தீபாவளிக்குப் புருசன் வந்துட்டான்னு சோறாக்கிப் போட்டுக்கினு இருந்தா. அன்னிக்கே தூக்கிக்கினு ஓடியிருந்தா எம்பேத்தி கெடைச்சிருக்கும்."

பெருமாள் அம்மாவைத் தடுக்கவில்லை.

அலமேலு வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபத்து நாலு வயதுப் பெண், நாற்பது வயது மாதிரி இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை எடுக்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நீங்க போன்ல சொன்னத நான் யாருகிட்டயும் சொல்லலக்கா. உங்களுக்கு எதுக்குக் கெட்ட பேரு."

நவம்பர் 13-ஆம் தேதிப் பக்கத்தில் "பேசினேன்" என்று எழுதியிருக்கிறேன். என்ன பேசினேன் என்று எழுதவில்லை. "சிரப் குடு அலமேலு. சுடுதண்ணி ஆவி புடி. ரெண்டு நாள் பாரு. அதுக்குத்தான் எல்லா ஊசியும் போட்டிருக்கமே, பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல." முறுக்குச் சட்டி அடுப்பில் இருந்தது. ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

நவம்பர் 29, புதன்

ஊசி முடிந்து இறங்கியதும் நேராக டாக்டர் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். குழுவிடம் சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "எத்தனை நாளா இப்படி?"

"மூணு வருஷமா டாக்டர். நான் வந்ததுல இருந்து."

"எத்தனை குழந்தைங்க?"

"தொண்ணூத்து நாலு." ரெஜிஸ்டரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. "நானும் பாத்திருக்கணும்," என்றார். "நீங்க ஏழரைக்குக் கிளம்பறத ஒரு வருஷமா பாக்குறேன். எவ்வளவு சுறுசுறுப்புன்னு நெனச்சேன்."

எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். தொண்ணூற்று நான்கு குழந்தைகளுக்கும் மறுபடி ஊசி போட்டாக வேண்டும், சிறப்பு முகாம் என்று சொல்லிப் போடலாம் என்றார்.

"ஊர்ல காரணம் சொல்ல வேணாம். இப்பச் சொன்னா ஊசியே வேணாம்னு கதவ சாத்திடுவாங்க. இன்னொரு குழந்தை போயிடும். புரியுதா?"

புரிந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை.

"அலமேலுகிட்ட?" என்றேன்.

நான் எழுதிக் கொடுத்ததை மடித்து உறையில் போட்டார்.

டிசம்பர் 1, வெள்ளி

வீட்டில் இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். "அந்தக் குழுவே குறை இல்லைன்னு எழுதிட்டுப் போயிடுச்சு. நீயா போய் ஏன் தலைய குடுக்கற? ஊசி போட்டவங்களுக்கும் நோய் வராதா என்ன? அதனாலதான் செத்துச்சுன்னு யாரு நிரூபிக்கப் போறாங்க?"

யாராலும் நிரூபிக்க முடியாதுதான்.

டிசம்பர் 6, புதன்

முகாம். விஜயாவும் வேறு இரண்டு நர்ஸுகளும் வந்தார்கள். ஊசி போட எனக்கு அனுமதி இல்லை. பெயர் கூப்பிட்டு அட்டையில் எழுதும் வேலை. ஒரு சாவைப் பார்த்த ஊர், எல்லாரும் வரிசையில் நின்றார்கள். மாத்திரை கொடுத்த மாதிரி இதுவும் நோய்க்காகத்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். பிரவீன் வீட்டுக்கு வந்துவிட்டான். குரல் இன்னும் கரகரக்கிறது.

எண்பத்தொன்பது பேர் வந்தார்கள். நான்கு பேர் பெற்றோரோடு வெளியூரில். தொண்ணூற்று நான்காவது பெயர் அலமேலுவின் மகன். கூப்பிட்டேன். வரவில்லை.

"அலமேலுவ அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பிட்டாங்க," என்றாள் மங்கை. "பெருமாளு இன்னொரு தபா அந்த மூஞ்சியப் பாக்க மாட்டேன்னுட்டான். கைக்கொழந்தையத் தூக்கிக்கினு குட்டைக்காடு போயிடுச்சி."

டிசம்பர் 11, திங்கள்

மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். காய்கறி வாங்கினேன்.

டிசம்பர் 16, சனி

காலை வெளியே வந்தால் மலையே தெரியவில்லை, அவ்வளவு பனிமூட்டம். ஒன்பது மணிக்கு வெயில் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, முதலில் ரோடு தெரிந்தது, பிறகு மரங்கள், கடைசியாக மலை.

இந்த வாரம் மூன்று முறை ஸ்கூட்டியை எடுத்தேன். மூன்று முறையும் குட்டைக்காடு பிரிவுவரை போய்த் திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 19, செவ்வாய்

பணியிடை நீக்கம். பெட்டி, ரெஜிஸ்டர், ஃப்ரீசர் சாவி எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். டாக்டரிடம், "நாளன்னைக்கு அலமேலு வீட்டுக்குப் போறேன். எல்லாத்தையும் சொல்லப் போறேன். அவ பேர்ல பழி இருக்கு டாக்டர்," என்றேன்.

"ஊர் பூரா தெரிஞ்சிடும்," என்றார்.

"தெரியும் டாக்டர்."

"ரெண்டாவது தவணை இன்னும் பாக்கி இருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. போங்க. யாராவது வந்து கேட்டா நானும் உண்மையைத்தான் சொல்லுவேன்."

டிசம்பர் 21, வியாழன்

குட்டைக்காட்டில் வீட்டில் அலமேலு மட்டும் இருந்தாள். அவள் அம்மா சாமை அறுப்புக்குப் போயிருந்தாள். தூளியில் குழந்தை தூங்கியது. அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. தம்பிக்கு ஊசி போடவா? அட்டையில போட்ட தேதி தாண்டிடுச்சி. இங்கருந்து எப்டி எடுத்துக்கினு வரதுன்னு தெரியல."

"ஊசி போட வரல அலமேலு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். வரும் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. "ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஐஸை அப்படியே மருந்து பக்கத்துல வைக்கக் கூடாது. கொஞ்சம் உருகி, உள்ள தண்ணி வந்தப்புறம்தான் வைக்கணும். இல்லன்னா மருந்து உறைஞ்சிடும். மறுபடி கரைஞ்சா சும்மா பாக்க அதே மாதிரிதான் இருக்கும், குலுக்கி வச்சாத்தான் அடியில படியறது தெரியும். ஆனா வேலை செய்யாது. நான் உருக விடாமத்தான் வச்சேன். மூணு வருஷமா. ரோஷினிக்குப் போட்டதெல்லாம் வேலை செய்யாத ஊசியா இருந்திருக்கும்."

"இருந்திருக்குமா, இருந்துச்சா?"

"இருந்துச்சுன்னுதான் நெனக்கிறேன்."

முறத்தைக் கீழே வைத்தாள். சிந்திய சாமையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டாள். எல்லாவற்றையும் பொறுக்கி முடித்த பிறகுதான் பேசினாள்.

"நாலு தபா. நாலு தபாவும் அழுதுச்சி. மூணாவது ஊசிக்கு ரெண்டு நாளு ஜொரம். தொட வீங்கிப் போயி, தொட்டாலே கத்துச்சி. தோள்ல போட்டுக்கினு நடந்துக்கினே இருந்தேன். அப்பிடித்தான் இருக்கும், நல்லதுக்குத்தான்னு நீங்க சொன்னீங்க." என் முகத்தைப் பார்த்தாள். "அது அழுததெல்லாம் சும்மாவா?"

"ஆமா," என்றேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் இன்னொரு பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

அழுவாள் என்று நினைத்தேன். அடித்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன். அவள் எழுந்து தூளியிலிருந்து குழந்தையை எடுத்து முதுகில் கட்டினாள். பானையை மூடினாள். கதவைச் சாத்தினாள்.

"வாங்க."

"எங்க?"

"எங்கிட்ட சொன்னா எனக்கு மட்டுந்தான் தெரியும். அங்க வந்து சொல்லுங்க."

இரண்டு மணி நேர நடை. அவள் முன்னால், நான் பின்னால். நடுவில் குழந்தை அழுதான். பாறையில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். நான் தள்ளி நின்றேன். ஓடையைத் தாண்டும்போது கை நீட்டினேன். பார்த்தாள், பிடிக்கவில்லை. முட்டியளவுத் தண்ணீரில் தானே இறங்கிக் கடந்தாள்.

பெருமாள் வீட்டு வாசலில் காசியம்மாள் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் முகம் மாறியது. என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். பெருமாள் உள்ளேயிருந்து வந்தான். அலமேலு வாசற்படி ஏறவில்லை. முற்றத்தில் நின்றபடியே, "நர்ஸம்மா ஒண்ணு சொல்லணுமாம்," என்றாள்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது எளிதாக இல்லை. ஐஸைப் பற்றிச் சொன்னேன். பிறகு போனைப் பற்றியும் சொன்னேன்.

"தீபாவளிக்கு மறுநாள் காலையிலயே அலமேலு எனக்குப் போன் பண்ணா. தொண்ட வலிக்குதுன்னு சொன்னா. அப்பவே தூக்கிட்டு வான்னு நான் சொல்லியிருக்கணும். ரெண்டு நாள் பாருன்னு சொன்னது நான். அவ நாள் கடத்தல."

பெருமாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "படிச்சவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

"தெரிஞ்சிக்க வேண்டிய நாள்ல நான் அங்க இல்ல. அதுக்கப்புறம் யாரையும் கேக்கவும் இல்ல."

காசியம்மாள் கையில் இருந்த விறகை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எம்பேத்தி உன்ன அத்தன்னு கூப்புடுமே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

பெருமாள் அலமேலுவைப் பார்த்தான். "போன் பண்ணத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கேட்டாத்தானே சொல்றது," என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எழுந்து வந்து அவள் முதுகிலிருந்த குழந்தையை அவிழ்க்கக் கை வைத்தான். அவள் விடவில்லை. கொஞ்சம் பொறுத்து, தானே முடிச்சை அவிழ்த்துக் குழந்தையைக் கொடுத்தாள். ஆனால் வீட்டுக்குள் போகவில்லை.

நான் கிளம்பினேன். பாதை திரும்பும் இடம்வரை அலமேலு பின்னாலேயே வந்தாள்.

"அடுத்த புதன்கெழம நீங்க வருவீங்களா?"

"இல்ல. என்னை வேலைய விட்டு நிறுத்தி வச்சிருக்காங்க. வேற நர்ஸ் வருவாங்க."

"அவங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"அப்ப தம்பியக் கொண்டாறேன்," என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

டிசம்பர் 27, புதன்

வீட்டிலேயே இருந்தேன். இரண்டு வாளித் துணி துவைத்தேன். நல்ல வெயில், மதியத்துக்குள் காய்ந்துவிட்டது.

மூன்று மணிக்கு டாக்டர் போன் செய்தார். விஜயா மேல்பாறைக்கொல்லைக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மூன்று வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒருத்தி என் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றினாளாம். அந்த வீடுகளுக்கு அவரே போய்ப் பேசப் போகிறார்.

"அலமேலு?" என்றேன்.

"முதல் ஆளா வந்து உக்காந்திருந்தாங்களாம். ஊசி போடறதுக்கு முன்னாடி மருந்துக் குப்பிய என் கையில குடுன்னு கேட்டாங்களாம். விஜயா குடுத்திருக்கு. வெயில்ல தூக்கிப் பிடிச்சு, குலுக்கிப் பாத்து, ரொம்ப நேரம் வச்சிருந்தாங்களாம். பின்னாடி நின்னவங்க யாரும் அவசரப்படுத்தலயாம்."

"அப்புறம்?"

"அப்புறம் திருப்பிக் குடுத்துட்டு, புள்ளையோட கால அவங்களே கெட்டியாப் புடிச்சிக்கிட்டாங்களாம்."